தேர்தல் என்றாலே நெஞ்சு படபடக்கிறது, தொண்டூழியத்தை விட்டுவிடலாமா?

சகோதரி, நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு 38 வயது, இரண்டு பிள்ளைகள், முழுநேர வேலை. சிங்கப்பூரின் 2025 பொதுத் தேர்தலில்தான் முதல்முறையாக ஒரு கட்சிக்குத் தொண்டூழியராகப் போனீர்கள். புளோக் புளோக்காக ஏறி இறங்கினீர்கள், வாக்களிப்பு நிலையத்தில் முகவராக உட்கார்ந்தீர்கள். உங்கள் வேட்பாளர் தோற்றுவிட்டார். அதற்கப்புறம் பல வாரம் சரியான தூக்கம் இல்லை. இன்றைக்கும் யாராவது 'அடுத்த தேர்தல்' என்று பேச்செடுத்தால் நெஞ்சு படபடக்கிறது. 'பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலை' என்று வீட்டில் பேச்சு. விட்டுவிடலாமா என்று கேட்கிறீர்கள். ஆனால் நடுவில் இரண்டு வரி எழுதியிருக்கிறீர்கள். ஒன்று, 'இன்னும் பத்து வீடு தட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?' இன்னொன்று, பேரனுக்குத் துணைப்பாடம் கிடைக்குமா என்று ஒரு அம்மா கேட்டதற்கு நின்று பதில் சொல்லக்கூட நேரமில்லாமல் அடுத்த கதவுக்கு ஓடியது. விடலாமா வேண்டாமா என்பதற்கு விடை இந்த இரண்டு வரியில்தான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

நான் ஒரு குடும்பச் சேவை நிலையத்தில் சமூகப் பணியாளர், பத்தொன்பது ஆண்டு அனுபவம். 2011, 2015, 2020, 2025 என நான்கு பொதுத் தேர்தலிலும் தொண்டூழியம் செய்திருக்கிறேன். எந்தக் கட்சி என்பது இந்தப் பதிலுக்குத் தேவையில்லை. தோற்ற பக்கம் நின்ற பெண்கள் முடிவு வந்த மறுவாரம் ஒடிந்துபோய் உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். ஜெயித்த பக்கம் நின்ற பெண்களும் அப்படி உட்கார்ந்திருந்தார்கள், அதையும் பார்த்திருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை, அதனால் மருந்து மாத்திரை பற்றி ஒரு வார்த்தையும் சொல்லமாட்டேன்.

பத்து வீட்டுக் கணக்கை முதலில் எடுத்துக்கொள்வோம். அந்தக் கணக்குப் போடுவது பைத்தியக்காரத்தனம் இல்லை. 2011-ல் ஒரே உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் பொத்தோங் பாசிர் தனித்தொகுதியில் லினா சியாம் 114 வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். அவருடைய கணவர் சியாம் சீ தோங் 1984 முதல் தக்கவைத்திருந்த தொகுதி அது. 58 பேர் மனம் மாறியிருந்தால் முடிவே மாறியிருக்கும். அப்படி ஓர் இரவில் விரல் மடக்கி எண்ணாத தொண்டூழியர் யார்? கதவு திறக்காத வீடு, பூட்டிய இரும்புக் கேட், காகிதத்தை மட்டும் வாங்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்ட ஆள், எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். ஆனால் அந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. தட்டியிருந்தால் மாறியிருப்பார்கள் என்று நாமாகவே முடிவு செய்துகொள்கிறோம். ஜாஷுவா கல்லா, டேவிட் புரூக்மன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 49 களச் சோதனைகளைத் திரட்டிப் பார்த்து 2018-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பொதுத் தேர்தல் நெருங்கும் நேரத்தில் கதவைத் தட்டுவது, தொலைபேசியில் அழைப்பது, விளம்பரம் அனுப்புவது ஆகியவற்றால் 'யாருக்கு வாக்கு' என்ற முடிவு சராசரியாகக் கிட்டத்தட்ட மாறுவதே இல்லை என்பது அவர்கள் கண்டது.

அதை இங்கே அப்படியே ஒட்டவைக்க முடியாது. அங்கே கட்சிப் பிடிப்பு வேறு மாதிரி. இங்கே வாக்களிப்பு கட்டாயம், தொகுதிகளும் சின்னவை. ஆனாலும் நான் பதினான்கு ஆண்டாகப் பார்த்ததும் அதையேதான் சொல்கிறது. கடைசி ஒன்பது நாளில் கேட்டுக்கு வெளியே நின்று நாற்பது விநாடி பேசியதால் மனம் மாறினேன் என்று என்னிடம் யாரும் சொன்னதில்லை. 'நீ போன வருஷமே வந்த பிள்ளைதானே' என்று சொன்னவர்கள் நிறைய. ஆகவே அந்தப் பத்து வீடு உங்கள் கணக்கில் எழுதவேண்டிய கடன் இல்லை. இதை நான் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை.

அடுத்தது படபடப்பு. இதில் நீங்கள் தனியாள் இல்லை என்பது உறுதி. அமெரிக்க உளவியல் சங்கம் ஆண்டுதோறும் எடுக்கும் மனஅழுத்தக் கருத்தாய்வில், அதிபர் தேர்தல் தங்களுக்குக் குறிப்பிடத்தக்க மனஅழுத்தம் தருவதாகச் சொன்ன பெரியவர்கள் 2016-ல் 52 விழுக்காடு, 2020-ல் 68, 2024-ல் 69. நெப்ராஸ்கா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், அரசியலால் தூக்கம் கெட்டது என்று சொன்னவர்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். இவையெல்லாம் அமெரிக்க எண்கள், மக்கள் தாங்களே சொன்னவை. மருத்துவர் பரிசோதித்துச் சொன்ன நோய்க் கணக்கு இல்லை.

நம் ஊருக்கு என்று தனியாக ஒரு அழுத்தம் இருக்கிறது. நாள் எப்போது வரும் என்று தெரியாது, வந்தால் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். 2025-ல் தொகுதி எல்லை மறுஆய்வு அறிக்கை மார்ச் 11-ஆம் தேதி வந்தது, நாடாளுமன்றம் ஏப்ரல் 15-ல் கலைந்தது, வேட்புமனுத் தாக்கல் 23-ஆம் தேதி, வாக்களிப்பு மே 3. எல்லைக்கோடு தெரிந்த நாளிலிருந்து வாக்களிப்பு வரை 53 நாள்தான். பல ஆண்டு நடந்து பழகிய புளோக்குகள் ஒரே பிற்பகலில் வேறு தொகுதிக்குப் போய்விடலாம். முடிவு நம் கையில் இல்லை, நேரமும் நம் கையில் இல்லை என்றால் உடம்பு எந்நேரமும் காவல் காத்துக்கொண்டேதான் இருக்கும். உங்கள் படபடப்பு அந்தக் காவல்தான். தேர்தல் முடிந்தும் அது கலையவில்லை.

இங்கேதான் உங்கள் கேள்வி கடினமாகிறது. மனதை அமைதிப்படுத்தினால் ஈடுபாடும் குறைந்துவிடுமா? குறையக்கூடும். டொரோண்டோ பல்கலைக்கழகத்தின் பிரெட் ஃபோர்டும் அவருடைய குழுவினரும் 2023-ல் வெளியிட்ட ஆய்வில், அன்றாட அரசியல் கிளப்பும் கோபதாபங்களைத் தணித்துக்கொண்டவர்களின் மனநிலை மேம்பட்டது, ஆனால் செயலில் இறங்கும் உந்துதல் கொஞ்சம் தளர்ந்தது என்று கண்டார்கள். மறுபக்கம், பருவநிலை பற்றிய கவலையை வைத்து அமெரிக்க இளையர்களிடம் 2022-ல் செய்த ஓர் ஆய்வு, பலரோடு சேர்ந்து செயல்படுகிறவர்களிடம் அந்தக் கவலை மனச்சோர்வோடு அவ்வளவாக இணைந்திருக்கவில்லை என்கிறது. செயல்தான் மனதைக் காத்ததா, மனம் தெம்பாக இருந்தவர்கள்தான் செயலில் இறங்கினார்களா என்பது அந்த மாதிரி ஆய்வில் தெரியாது. என் அனுபவத்தில் வித்தியாசம் எந்த மாதிரிச் செயல் என்பதில் இருக்கிறது. ஒரே இரவில் வெளிவரும் ஒற்றை எண்ணில் உழைப்பை எல்லாம் கட்டித் தொங்கவிட்ட பெண்கள் ஜெயித்தாலும் தோற்றாலும் ஒடிந்துபோகிறார்கள். வாராவாரம் ஏதாவது ஒன்று முடிகிற வேலையில் இருப்பவர்கள் தாக்குப்பிடிக்கிறார்கள்.

நம் ஊர்ப் பெண்களின் அரசியல் வரலாறே அப்படித்தான் நடந்திருக்கிறது. ஷிரின் ஃபோஸ்தாரும் மற்றவர்களும் சேர்ந்து சிங்கப்பூர் மாதர் மன்றத்தைத் தொடங்கியது 1952. ஒருவனுக்கு ஒருத்தி என்பதைச் சட்டமாக்கக் கேட்டார்கள். நடுவில் 1955 தேர்தல் வந்தது, போனது, சட்டம் வரவில்லை. மக்கள் செயல் கட்சிக்குள் சான் சோய் சியோங் போன்ற பெண்கள் அதே கோரிக்கையைத் தூக்கிப் பிடித்தார்கள். 1959 மே மாதத் தேர்தலில் ஐந்து பெண்கள் சட்டமன்றத்துக்குப் போனார்கள். ஒருவனுக்கு ஒருத்தி என்பதைச் சட்டமாக்கிய மாதர் சாசனம் நடைமுறைக்கு வந்தது 1961 செப்டம்பரில். ஒன்பது ஆண்டு! அந்த ஒன்பது ஆண்டும் தேர்தல் இரவை மட்டும் பார்த்துக்கொண்டு இருந்திருந்தால் 1955-லேயே வீட்டுக்குப் போயிருப்பார்கள். இதற்கப்புறம் நேர்க்கோட்டில் ஏறுமுகம் என்றும் நினைத்துவிடாதீர்கள். சான் சோய் சியோங் 1970-ல் விலகிய பிறகு 1984 வரை, பதினான்கு ஆண்டு, நம் நாடாளுமன்றத்தில் ஒரு பெண்கூட இல்லை. அந்தப் பதினான்கு ஆண்டும் புளோக் கீழ்த்தளத்தில், சமூக மன்றத்தில், தொழிற்சங்கத்தில் பெண்கள் வேலை பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். 1984-ல் உள்ளே போன மூவரில் ஒருவரான யூ-ஃபூ யீ ஷூன் தொழிற்சங்கத்திலிருந்து வந்தவர். பட்டதாரிப் பெண்கள் திருமணம் செய்து பிள்ளை பெறுவது பற்றி 1983-ல் கிளம்பிய சர்ச்சையின் சூட்டில், பெண்ணுரிமைக்காகப் பேசும் அவேர் அமைப்பு பிறந்தது 1985-ல்.

சரி, வரலாறு போதும். ஒரு வீட்டுக்குக் கூட்டிப்போகிறேன். 2015, தோ பாயோவில் ஒரு பழைய மூவறை வீடு. மாலை ஏழு மணி, சாம்பிராணி வாசம். தனியாக இருக்கும் பாட்டி, எழுபது தாண்டியவர். காகிதத்தை வாங்கிக்கொண்டு கேட்டை மூடாமல் தாழ்ந்த குரலில் கேட்டார், "ஏம்மா, ஓட்டுச் சீட்டுல நம்பர் போட்டிருக்காமே, யாருக்குப் போட்டேன்னு தெரிஞ்சிடுமா?" இந்தப் பயம் நம் முதியவர்களிடம் இன்னமும் இருக்கிறது, எந்தக் கட்சிக்காகப் போனாலும் இதை நின்று விளக்குங்கள். அந்த எண் கள்ளச்சீட்டைத் தடுக்கத்தான். எண்ணி முடித்ததும் சீட்டுகளை முத்திரையிட்டு உச்ச நீதிமன்றத்தில் ஆறு மாதம் பூட்டி வைப்பார்கள், அப்புறம் அழித்துவிடுவார்கள். பாட்டிக்கு அதைச் சொல்லிவிட்டு, கழிவறையைப் பயன்படுத்திக்கொள்ளலாமா என்று கேட்டேன். ஒன்பது மாடி இறங்கி வந்திருந்தேன். உள்ளே சுவர்க் குழாயில் ஒரு பச்சைத் துண்டு இறுக்கி முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தது. நுனி நைந்து நூல் நூலாகத் தொங்கியது. "அதைப் பிடிச்சுத்தாம்மா எந்திரிப்பேன்" என்றார்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் முதியவர்களுக்குக் கைப்பிடி, வழுக்காத தரை, சாய்தளம் போட்டுக்கொடுக்கும் ஈஸ் திட்டம் 2012-லேயே வந்துவிட்டது, செலவில் பெரும்பங்கை அரசாங்கமே ஏற்கும். பாட்டிக்கு அது தெரியாது. தேர்தல் முடிந்து இரண்டு வாரம் கழித்துப் போய் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தேன். சில மாதத்துக்குப் பிறகு போனபோது மூன்று எஃகுக் கைப்பிடி பளபளவென்று இருந்தது. மூன்றுக்கும் சந்தனம் தொட்டு நடுவில் குங்குமம் வைத்திருந்தார், புது வண்டிக்கு வைப்பதுபோல. அன்றைக்கு வீட்டுக்கு வந்து எட்டு மணி நேரம் தூங்கினேன். அந்த ஆண்டு மே மாதத்திலிருந்து அப்படித் தூங்கியது அதுதான் முதல் தடவை. அவர் யாருக்கு வாக்களித்தார் என்று நான் கேட்கவில்லை.

இனி உங்கள் தூக்கத்துக்கு வருகிறேன். நான் நம்பிக்கையோடு சொல்லக்கூடியவை சிலதான். படுத்து இருபது நிமிடம்போல் ஆகியும் தூக்கம் வரவில்லையென்றால் படுக்கையை விட்டு எழுந்து வேறு அறையில் மங்கலான வெளிச்சத்தில் உட்காருங்கள், கண் சொக்கும்போது மட்டும் திரும்பப் படுங்கள். எழுந்திருக்கும் நேரத்தை மட்டும் மாற்றாதீர்கள். இது தூக்கமின்மைக்குப் பல பத்தாண்டாகச் சோதித்துப் பார்த்த முறை. முதல் வாரம் எரிச்சலாகத்தான் இருக்கும். இரண்டாவது, கவலைக்கு நேரம் ஒதுக்குவது. தாமஸ் போர்கோவெக்கும் கூட இருந்தவர்களும் 1983-லேயே இதைச் சோதித்தார்கள். தினமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் அரை மணி நேரம் கவலைப்படுவதற்கென்றே உட்காருங்கள். நாளின் மற்ற நேரத்தில் கவலை வந்தால் 'ஆறு மணிக்குப் பார்த்துக்கொள்ளலாம்' என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். கேட்க விளையாட்டாக இருக்கும், ஆனால் என்னிடம் வருபவர்களில் இதைப் பிடித்துக்கொண்டவர்கள் அதிகம். மூச்சுப் பயிற்சி, தியானம் எல்லாம் சிலருக்கு உதவுகிறது, சிலருக்குப் படபடப்பைக் கூட்டிவிடுகிறது. ஆகவே அதை எல்லாருக்கும் சொல்லமாட்டேன். வாட்ஸ்அப் குழுக்களைப் பற்றி ஆய்வு காட்ட வேண்டியதே இல்லை. இரவு ஒன்பதுக்கு மேல் சத்தத்தை நிறுத்திவையுங்கள், குறிப்பாகத் தமிழ்நாட்டு உறவினர்கள் நம் தேர்தலைப் பற்றி அனுப்பும் செய்திகளை.

அடுத்த தேர்தல் சட்டப்படி 2030 இறுதிக்குள் வந்துவிட வேண்டும். அதற்குள் இரண்டு நாளை மட்டும் திட்டமிட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, வாக்களிப்புக்கு முந்திய பிரசார ஓய்வு நாள். 2010-ல் சட்டமாகி 2011 தேர்தலில் முதலில் நடப்புக்கு வந்தது. அன்று யாரும் பிரசாரம் செய்யக்கூடாது என்பதால் உங்களை யாரும் கூப்பிடவும் முடியாது. நான் அன்றைக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு மதியம் படுத்துவிடுவேன். இன்னொன்று முடிவு வரும் இரவு. மாதிரி வாக்கு எண்ணிக்கை வரும்போதுதான் நெஞ்சு அதிகம் அடித்துக்கொள்ளும். ஒவ்வொரு வாக்களிப்பு நிலையத்திலிருந்தும் நூறு சீட்டை எடுத்து எண்ணிப் பார்ப்பது அது. 95 விழுக்காடு நம்பகத்தன்மையுடன் 4 விழுக்காட்டுப் புள்ளி கூடவோ குறையவோ இருக்கலாம் என்று தேர்தல் துறையே சொல்கிறது. 60-க்கு 40 என்று வந்தால் அனேகமாக முடிந்த கதை. 52-க்கு 48 என்று வந்தால் அதை வைத்து அழவும் வேண்டாம், துள்ளவும் வேண்டாம். அந்த இரவைத் தனியாக, கையில் போனோடு கழிக்காதீர்கள்.

வீட்டுப் பேச்சைப் பற்றி நான் அதிகம் சொல்ல முடியாது, உங்கள் கணவரை எனக்குத் தெரியாது. ஒன்று மட்டும். 'எதுக்கு இந்த வேலை' என்று சொல்பவர் பல வாரமாக மனைவி இரவில் கூடத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவராகவும் இருக்கலாம். அரசியலை விட்டுவிட்டுத் தூக்கத்தைப் பற்றி முதலில் அவரோடு பேசிப் பாருங்கள். பொதுவாக வேலைகளைப் பகிர்ந்துகொள்ளும் குடும்பங்களுக்கு ஒரு சட்ட விவரமும் சொல்லிவைக்கிறேன். பதினாறு வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகளும் சிங்கப்பூர்க் குடியுரிமை இல்லாதவர்களும், நிரந்தரவாசிகள் உட்பட, தேர்தல் பிரசார வேலையில் ஈடுபடக்கூடாது. துண்டுத்தாள் கொடுக்கப் பிள்ளையைக் கூட்டிப்போகாதீர்கள். இரவுச் சாப்பாட்டுப் பொறுப்பை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

எங்கே என் யோசனை போதாது என்பதையும் சொல்லவேண்டும். தூக்கமின்மையும் படபடப்பும் இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்து வேலையையும் பிள்ளைகளைக் கவனிப்பதையும் பாதித்தால், அது தேர்தல் சமாசாரம் என்று நீங்களாகவே முடிவு செய்யாமல் பலதுறை மருந்தகத்துக்கோ உங்கள் குடும்ப மருத்துவரிடமோ போங்கள். தைராய்டு, ரத்தச்சோகை, மாதவிடாய் நிற்பதற்கு முந்திய மாற்றங்கள் எல்லாமே இதே முகத்தோடு வரும், உங்கள் வயதில் அதைப் பார்க்காமல் விடக்கூடாது. பேசுவதற்கு ஆள் வேண்டுமென்றால் 1771 என்ற தேசிய மனநல எண் நாள் முழுவதும் இயங்குகிறது. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஒரு நொடி வந்தாலும் 1767-க்கு அழையுங்கள்.

ஆக, விடலாமா? இப்போதைக்கு மூன்று மாதம் கட்சி வேலை எதையும் எடுக்காதீர்கள். கேட்டால் உடம்பு சரியில்லை என்று சொல்லுங்கள், அது உண்மைதான். அப்புறம் வாரத்தில் ஒரே ஒரு மாலையை, நாள் மாறாமல், ஒரு வேலைக்கு ஒதுக்குங்கள். உங்கள் கட்சி தேர்தல் இல்லாத காலத்திலும் வீடு வீடாகப் போகிறதென்றால் அதே மூன்று புளோக்குக்குத் திரும்பத் திரும்பப் போங்கள். போகவில்லையென்றால் வேறு வேலை ஏதாவது. தொகுதி மக்களின் குறைகளை நாடாளுமன்ற உறுப்பினர் கேட்கும் மக்கள் சந்திப்பு என்று இன்றைக்கு எல்லாத் தொகுதியிலும் நடக்கிறதே, அதை நம் முதல் முதலமைச்சர் டேவிட் மார்ஷல் 1955-ல் தொடங்கினார். அங்கே தமிழ் மட்டும் பேசத் தெரிந்த முதியவர் ஒருவர் வரும்போது கடிதம் எழுதும் மேசையில் தமிழ் தெரிந்தவர் இல்லாத இரவுகளைப் பார்த்திருக்கிறேன். 2030-ல் மறுபடி தெருவில் இறங்குவதா இல்லையா என்பதை 2030-ல் முடிவு செய்தால் போதும்.

அதற்கெல்லாம் முன்னால் ஒரு சின்ன வேலை. பேரனுக்குத் துணைப்பாடம் கேட்ட அந்த அம்மா. இந்தியச் சமூகத்துக்கான சுயவுதவி அமைப்பான சிண்டா நடத்தும் ஸ்டெப் துணைப்பாட வகுப்புகள் இந்திய மாணவர்களுக்கென்றே இருக்கின்றன, கட்டணம் வெளியில் கொடுப்பதைவிட நிறையக் குறைவு, வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு இன்னும் சலுகை உண்டு. கட்சிச் சட்டை வேண்டாம், காகிதம் வேண்டாம். சனிக்கிழமை சாயங்காலம் சாதாரணமாகப் போய் அதைச் சொல்லிவிட்டு வாருங்கள். எந்தப் புளோக், எந்த மாடி என்று உங்களுக்கு நிச்சயம் நினைவிருக்கும்.